குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கிற கருவி) ஒரு குண்டுக்கு 172 காட்டுகிறது, அடுத்த குண்டுக்கு 286 காட்டுகிறது. கோளாறு துப்பாக்கியிலா, கருவியிலா?

மன்னை பத்துமீட்டர்

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஊர், சுடுவது பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். திருச்சிக்கு கிளப்புக்குப் போய்வருவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆகிற காரியம், மற்ற நாட்களில் வீட்டுக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்குகிற கொட்டகையில் டேப் பிடித்துப் பத்து மீட்டர் அளந்து, எதிரே பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டு) பிடிக்கும் இரும்புப் பெட்டி வைத்துப் பயிற்சி செய்கிறேன். துப்பாக்கி செகண்ட் ஹேண்டில் வாங்கிய பி.சி.பி. (சிலிண்டரில் முன்கூட்டியே காற்று அடைத்து வைத்துச் சுடுகிற வகை), காற்றழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர் உள்ள மாடல். பெல்லட் 0.53 கிராம்.

பிரச்சினை என்னவென்றால், சீரிஸுக்குச் சீரிஸ் முதல் குண்டு கொஞ்சம் மேலே ஏறிப் போகிறது. கோச் முதலில் என் மூச்சைத்தான் குறை சொன்னார், அப்புறம் அவரே மேசையில் தாங்கு வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு "வேகத்தை அளந்து பாருப்பா" என்றார். சரி என்று ஒரு குரோனோகிராஃப் வாங்கினேன், பீப்பாய் முனைக்கு முன்னால் வைக்கிற, இரண்டு சென்சார் உள்ள சாதாரண வகை. நேற்று ராத்திரி வந்த எண்கள் இப்படி, எல்லாம் மீட்டர்/விநாடி: 176.1, 172.0, 171.2, 286.4, 170.6, பிழை, 171.5, 172.3, பிழை.

இதில் எதை நம்புவது? ஒரே துப்பாக்கி ஒரு குண்டை 172-லும் இன்னொன்றை 286-லும் தள்ளுமா? கருவியைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று இருக்கிறது. இன்னொன்று, வேகத்தில் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்றும் சொல்லுங்கள், யூடியூபில் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.

உறையூரான்

திருப்பி அனுப்பாதீர்கள். கொட்டகையில் என்ன விளக்கு எரிகிறது, டியூப் லைட்டா எல்இடியா? கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடியதா? அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

இந்த வகைக் கருவி செய்கிற வேலை ரொம்ப எளிது. முதல் சென்சாருக்கு மேலே குண்டின் நிழல் விழுந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், இரண்டாவதன் மேல் விழுந்ததும் நிற்கும், நடுவில் உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். 172-இல் போகிற பெல்லட் 10 செ.மீ. கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, 0.6 மில்லிசெகண்ட்தான். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும், மலிவான எல்இடிக்குள் இருக்கிற டிரைவர் அதைவிட வேகமாகத் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். குண்டு வருவதற்கு முன்பே இரண்டாவது சென்சார் அந்தத் துடிப்பை நிழல் என்று எடுத்துக்கொண்டால் நேரம் குறையும், 286 வரும். முதலாவது ஏமாந்தால் 'பிழை' வரும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் இன்னும் மோசம்.

286 பொய் என்று விளக்கைப் பார்க்காமலே கணக்குப் போட்டும் சொல்லலாம். நிறையை வேகத்தால் இரண்டு முறை பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆற்றல். 0.53 கிராம் 172-இல் போனால் 7.8 ஜூல். பத்து மீட்டர் மேட்ச் ரைஃபிளுக்கு அது சரியான அளவு. அதுவே 286-இல் போக 21.7 ஜூல் வேண்டும். ஒரே வால்வு, ஒரே அழுத்தம், நடுவில் ஒரு குண்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றல் எங்கிருந்து வரும்? இன்னொரு வேடிக்கை, 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட பீப்பாய்த் துளை அல்லது 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் இருந்தால் ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். உங்கள் 0.53 கிராம் பெல்லட்டுக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 275 மீ/வி. அந்த 286 நிஜமாக இருந்திருந்தால் நீங்கள் எங்களிடம் கேட்கக் கூடாது, கலெக்டர் ஆபீஸில் கேட்க வேண்டும் :)

பகலில் கொட்டகை வாசலுக்கு வெளியே, திறந்த வானத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். ஆனால் தென்னைக்கு அடியில் வேண்டாம், மட்டை ஆடினால் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்து அதே கூத்துதான். ராத்திரிதான் முடியும் என்றால் பேட்டரியில் எரிகிற பழைய குண்டு பல்பு, கார் ஹெட்லைட் பல்பு மாதிரி ஒன்றை மேலே வெள்ளைத்தாளுக்குப் பின்னால் தொங்க விடுங்கள், அது துடிக்காது. குண்டு இரண்டு சென்சாருக்கும் ஒரே உயரத்தில், கருவிக்கு நேராகப் போக வேண்டும். 5 டிகிரி சாய்ந்தால் 0.4 சதவீதம் வேகம் குறைத்துக் காட்டும், அது பெரிதில்லை, ஆனால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு சாய்வில் போனால் இல்லாத வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். மேசையில் தாங்கு வைத்தே சுடுங்கள்.

குடந்தை ஈயம்

உறையூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வேகம் பார்ப்பதற்கு முன்னால் பெல்லட்டை எடை போடுங்கள். எங்கள் ஊரில் நகைக்கடைக்குப் பஞ்சமில்லை, மில்லிகிராம் காட்டுகிற தராசு தெருவுக்குத் தெரு இருக்கிறது, தெரிந்தவர் கடை என்றால் மதிய வேளையில் கூட்டம் இல்லாதபோது ஒரு டப்பா முழுக்க நிறுத்துத் தருவார்கள். 0.525 ஒரு கிண்ணம், 0.530 ஒரு கிண்ணம், 0.535 ஒரு கிண்ணம் என்று பிரித்து வைத்துச் சுட்டால் குழு (இலக்கில் குண்டுகள் விழுகிற பரப்பு) சுருங்கும். நான் போட்டிக்கு அப்படித்தான் போகிறேன்.

ஆடுதுறை டு ஆஸ்டின்

குடந்தைக்காரரே, கோபிக்காதீர்கள், நகைக்கடைக்காரர் பாவம்.

நான் ஆடுதுறையில் பிறந்து இப்போது டெக்சாஸில் இருப்பவன். இங்கே ரைஃபிளுக்கு ரீலோடிங் செய்வது சட்டப்படி சாதாரண விஷயம், வீட்டு கராஜிலேயே ஆட்கள் தோட்டா நிரப்புகிறார்கள். அதனால் குரோனோகிராஃபோடு தினசரி குடித்தனம் என்றே சொல்லலாம். (இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவில் வருகிற குற்றம், ஆசையாக இருக்கிறதே என்று யாரும் இறங்க வேண்டாம்.) எங்களுக்கு அந்தக் கருவி இரண்டு காரணத்துக்காக வேண்டும். ஒன்று பாதுகாப்பு. மருந்து நிரப்பும் கையேட்டில் போட்டிருப்பதைவிட வேகம் கூடி வந்தால் உள்ளே அழுத்தமும் கூடியிருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்த வேண்டும், குழு நன்றாக வருகிறதே என்று மேலே போகக் கூடாது. மற்றொன்று தூரம். ஆயிரம் கெஜத்தில் சுடுகிறவனுக்கு விநாடிக்கு 30 அடி வேக வித்தியாசம் இலக்கில் ஏறத்தாழ ஒரு அடி மேலே கீழே போய்விடும், அதனால் அவன் வேகத்துக்காக உயிரை விடுவது நியாயம்.

பத்து மீட்டரில் அந்தக் கணக்கே வேறு. 170-இல் போகிற பெல்லட் பத்து மீட்டரில் புவியீர்ப்பால் விழுவது சுமார் 17 மி.மீ. வேகம் ஒரு சதவீதம் மாறினால் அந்த விழுச்சி இரண்டு சதவீதம் மாறும், அதாவது 0.34 மி.மீ. ஏர் ரைஃபிள் இலக்கில் 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. ஆக, 1.7 மீ/வி வித்தியாசம் உங்களிடமிருந்து பறிப்பது 0.1 புள்ளியும் கொஞ்சமும். பெல்லட் எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் குறைவது சுமார் அரை சதவீதம்தான், இலக்கில் 0.17 மி.மீ., நெஞ்சுத் துடிப்பு அதைவிட அதிகம் ஆட்டும். நல்ல கம்பெனி மேட்ச் பெல்லட்டை நிறுத்துப் பிரிப்பது மனத் திருப்திக்குத்தான். பெல்லட்டின் பின்பக்க விளிம்பு, அதாவது பாவாடை, நசுங்கியதைக் கண்ணால் பார்த்துத் தூக்கிப் போடுங்கள், அதில் பலன் உண்டு.

யூடியூப் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து குண்டு சுட்டுவிட்டு 'எஸ்.டி. இவ்வளவு' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பத்தாம் வகுப்பில் படித்த அதே திட்ட விலக்கம்தான் அது. ஐந்து அளவை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான விலக்கம் அதில் 0.6 மடங்காகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட மூன்று மடங்காகவும் இருக்கலாம். இருபது சுட்டால் 0.76-க்கும் 1.46-க்கும் இடையில் வந்து அடங்கும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறார்களே, அது இன்னும் மோசம், சுடச் சுட அது அகலுமே தவிரக் குறையாது. அதனால் ஐந்து குண்டுக்காரன் எப்போதும் நல்ல துப்பாக்கி வைத்திருப்பதாகவே தெரியும்.

தம்பி மன்னை, எல்லாரும் 286-ஐப் பிடித்துத் தொங்குகிறோம், நீங்கள் எழுதிய முதல் எண்ணை யாரும் பார்க்கவில்லை. 176.1. அது எவ்வளவு நேரம் துப்பாக்கியைச் சும்மா வைத்திருந்த பிறகு சுட்டது?

குடந்தை ஈயம்

கோபமெல்லாம் இல்லை சார், ஆனால் 0.17 மி.மீ. என்றால் எனக்கு அது 0.17 மி.மீ.தான். 10.4-இல் பைனல் போனவனும் உண்டு, 10.3-இல் வீட்டுக்குப் போனவனும் உண்டு. நான் நிறுப்பதை நிறுத்தப் போவதில்லை.

வெண்ணாற்றங்கரை

கருவி வாங்கக் காசில்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், நான் காலேஜ் படிக்கும்போது இருந்து இதைத்தான் செய்கிறேன். பீப்பாய் முனைக்கும் இலக்குப் பெட்டிக்கும் சரியாக நடுவில், குண்டு போகிற பாதையை விட்டு நன்றாகத் தள்ளி, போனை வைத்து ஒலிப்பதிவை ஓட விடுங்கள். சுடுகிற சத்தமும் பெட்டியில் மோதுகிற சத்தமும் போனுக்கு ஒரே தூரம் வருகின்றன, அதனால் ஒலியின் வேகம் கணக்கில் அடிபட்டுப் போய்விடும். பதிவை ஏதாவது ஒரு இலவச ஒலி எடிட்டரில் திறந்து, அலையில் முள் மாதிரி எழும்புகிற இரண்டு சத்தத்துக்கும் இடையில் உள்ள நேரத்தை அளந்தால் அதுதான் குண்டு பறந்த நேரம். 62 மில்லிசெகண்ட் என்றால் 10-ஐ 0.062-ஆல் வகுக்க 161 மீ/வி. இது முனை வேகம் ஆகாது, பத்து மீட்டருக்கு உள்ள சராசரி, காற்றுத் தடை இருப்பதால் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஆனால் இன்றைக்கும் அடுத்த மாதத்துக்கும் ஒப்பிட இது தாராளமாகப் போதும், டியூப் லைட் தொல்லையும் கிடையாது. பக்கத்து வயலில் டிராக்டர் ஓடாமல் இருந்தால் சரி.

1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் மரக்கட்டையை ஊசல் மாதிரி தொங்கவிட்டு, குண்டு பட்டதும் அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துத்தான் வேகத்தைக் கண்டுபிடித்தார். அவருக்கு நம் போன் கிடைத்திருந்தால்!

மன்னை பத்துமீட்டர்

ஆளாளுக்கு இவ்வளவு எழுதியதற்கு நன்றி. கொட்டகையில் எல்இடி பட்டை விளக்கு, நேற்று பாதி நேரம் இன்வெர்ட்டர். இன்றைக்குக் காலையில் களத்தில் வைத்துச் சுட்டேன், 'பிழை' ஒன்றுகூட வரவில்லை, 286-ம் திரும்ப வரவில்லை. எல்லாம் 170.4-இல் இருந்து 172.5-க்குள் அடங்கிவிட்டது, முதல் குண்டைத் தவிர.

ஆடுதுறை அண்ணன் கேட்டதற்காகவே காபி குடித்துவிட்டு வந்து திரும்பச் சுட்டேன். முதல் குண்டு 175.8, அடுத்தது 172.4, அதற்கப்புறம் நிலையாக நின்றுவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முதல் குண்டு 177. உடனே உடனே சுட்டால் ஏறவே இல்லை. அப்போது மேலே போகிற குண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உறையூரான்

உண்டு. இதற்கு ரெகுலேட்டர் கசிவு என்று பெயர், கிளப்பில் 'கிரீப்' என்பார்கள். சிலிண்டரில் 200 பார் வரை காற்று இருக்கும், ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரு சின்ன அறைக்குள் நிரப்பி அடைத்துக்கொள்ள வேண்டும். அடைக்கிற இடத்தில் தூசியோ துருவோ கீறலோ இருந்தால் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். துப்பாக்கி சும்மா இருக்க இருக்க அறையில் அழுத்தம் ஏறும், அந்த முதல் குண்டு கூடுதல் வேகத்தில் போகும். 172-க்குப் பதில் 176 என்றால் 2.3 சதவீதம், ஆஸ்டின் அண்ணன் கணக்குப்படி இலக்கில் சுமார் 0.8 மி.மீ. மேலே, 0.3 புள்ளி. கோச் பார்த்தது இதைத்தான். உங்கள் மூச்சு மேல் பழி இல்லை.

கருவி வாங்கியதற்கு இது ஒன்றே போதும். இனி தினமும் அதை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், மாதத்துக்கு ஒரு தடவை அதே இடம், அதே வெளிச்சம், அதே பெல்லட்டில் ஒரு இருபது குண்டு சுட்டு நோட்டில் எழுதி வையுங்கள். துப்பாக்கிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நோட்டு காட்டிக்கொடுக்கும்.

நாகை உப்புக்காத்து

காற்று எதில் அடிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. கைப்பம்பா?

மன்னை பத்துமீட்டர்

ஆமாம் சார், கைப்பம்புதான். இங்கே வேறு வழி இல்லை.

நாகை உப்புக்காத்து

நினைத்தேன். நம்ம பக்கத்துக் காற்றில் தண்ணீர் இருக்கிறது தம்பி. ஐப்பசி கார்த்திகையில் துணியே காயாது, அந்தக் காற்றை 200 பாருக்கு நசுக்கினால் அதில் இருக்கிற ஈரம் எங்கே போகும்? சிலிண்டருக்குள்தான் இறங்கும், அங்கிருந்து ரெகுலேட்டருக்கு. கடலோரத்தில் இருக்கிற எங்களுக்கு இது வாடிக்கை. பம்புக்குக் காற்று போகிற வழியில் சிலிக்கா ஜெல் வடிகட்டி மாட்டுங்கள், மணி நிறம் மாறினால் வாணலியில் லேசான சூட்டில் வறுத்து (சமையல் வாணலி வேண்டாம், தனியாக ஒன்று) திரும்பப் போடலாம். நடுவில் நிறுத்தி நிறுத்தி அடியுங்கள், பம்பு சூடு ஆறட்டும், அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். மழை நாளில் நிரப்பாமல் வெயில் ஏறிய பிறகு நிரப்பினால் இன்னும் நல்லது.

இன்னொன்று, சித்திரை வெயிலில் முழுக்க நிரப்பிய சிலிண்டரைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். 20 டிகிரியில் 200 பார் என்றால் 40 டிகிரியில் அது 213-க்கு வந்துவிடும், பூட்டிய காருக்குள் 40 எல்லாம் சாதாரணம்.

மன்னை பத்துமீட்டர்

வடிகட்டி இன்றைக்கே ஆர்டர் போடுகிறேன். ரெகுலேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா? வீடியோ பார்த்தால் ஓ-ரிங் மாற்றுவது மாதிரித்தான் தெரிகிறது. அடுத்த மாதம் மாவட்டப் போட்டி இருக்கிறது, அனுப்பினால் திரும்பி வருமா என்று பயம்.

ஆடுதுறை டு ஆஸ்டின்

வேண்டாம் தம்பி. சிலிண்டரைக் கழற்றிய பிறகும் ரெகுலேட்டருக்குள் அழுத்தம் நின்றிருக்கும், அதைச் சுட்டு வெளியேற்றாமல் திருகைத் திருப்பினால் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். அடைப்புத் தளத்தில் ஒரு மயிரிழை கீறல் விழுந்தால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். பழகிய ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுங்கள், கொடுக்கும்போது உங்கள் எண்களையும் எழுதிக் கொடுங்கள், 'சும்மா வைத்தால் 4 ஏறுகிறது' என்று சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்தது. திரும்பி வந்ததும் அதே மாதிரி காபி குடித்துவிட்டு வந்து ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள்.

போட்டிக்குள் வரவில்லை என்றாலும் கெட்டுப்போகாது. பயிற்சியில் ஒவ்வொரு சீரிஸுக்கும் முன்னால் பெல்லட் இல்லாமல் ஒரு வெற்றுச் சுடு சுட்டு அறையைக் காலி செய்யுங்கள், ஆனால் போட்டியில் மேட்ச் நேரத்தில் பெல்லட் இல்லாமல் காற்றை விடுவதற்கு விதி இடம் கொடுக்காது, அங்கே மேட்சுக்கு முந்தைய தயாரிப்பு, சைட்டர் (கணக்கில் சேராத குண்டுகள்) நேரத்தில் செய்துகொள்ளுங்கள். நடுவில் நீண்ட இடைவெளி விடாமல் சுட்டால் கசிவு தலைகாட்ட நேரம் இருக்காது.

உறையூரான்

வெற்றுச் சுடு விஷயத்தில் எதற்கும் அன்றைக்கு ரேஞ்ச் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், சிலிண்டரில் பொறித்திருக்கிற தேதியைப் பார்த்தீர்களா? பல கம்பெனிகள் 10 வருடம்தான் ஆயுள் கொடுக்கின்றன, தேதி தாண்டியிருந்தால் சாமான் சோதனையிலேயே மடக்கக்கூடும். தேதியைப் பார்த்துவிட்டு இங்கே போடுங்கள், தாண்டியிருந்தால் வேறு சிலிண்டர் கிடைக்குமா என்று கிளப்பில் கேட்டுப் பார்க்கிறேன்.